ஹாரி பாட்டரைப் பிள்ளைக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்போது

இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கண்ணால் ஒரு பத்தியைப் படித்து, வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே போவது ஒரு தனித் திறமை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்ல ஹாரி பாட்டர் வரிசையின் முதல் புத்தகம் சுலபமானது என்று பலரும் நினைக்கிறார்கள். துடைப்பத்தில் பறக்கிறார்கள், மூன்று தலை நாய் குரைக்கிறது, அவ்வளவுதானே, கதையின் போக்கைச் சொன்னால் போதும் என்று தோன்றும். அங்கேதான் தப்பு நடக்கிறது. மந்திரப் பள்ளிக்கூட உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்த அசல் துப்பறியும் கதை அது. தடயங்கள் சம்பவங்களில் இருப்பதைவிட ஒற்றைச் சொற்களில்தான் அதிகம் இருக்கின்றன. போகிற போக்கில் கதையைச் சுருக்கினால் முதலில் உதிர்வது அந்தச் சொற்கள்தான். கடைசியில் குற்றவாளி யாரென்று தெரியும்போது பிள்ளைக்கு "அட, அன்னைக்கே சொன்னாங்களே!" என்ற துள்ளல் வராது.

முடிவு தெரியாதவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள். இனி எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

முதலில் அளவு. 1997 ஜூன் 26 அன்று லண்டன் புளூம்ஸ்பரி பதிப்பகம் வெளியிட்ட முதல் பதிப்பு 223 பக்கம், 17 அத்தியாயம். கெட்டி அட்டைப் பிரதிகள் வெறும் 500தான் அச்சாயின. மொத்தம் சுமார் 77,000 சொற்கள். ஓர் அத்தியாயத்தை அப்படியே வாசித்தால் அரை மணி நேரம். தமிழில் மாற்றிச் சொல்ல முக்கால் மணி ஆகும். 5, 6, 7, 16, 17 ஆகிய அத்தியாயங்கள் நீளமானவை, இரண்டு ராத்திரிக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆக மூன்று, மூன்றரை வாரம். அதற்கு மேல் இழுத்தால் முன்னால் சொன்ன தடயம் பிள்ளைக்கு மறந்துவிடும்.

'ஹாரி பாட்டரும் தத்துவஞானியின் கல்லும்' என்று பொருள்படும் இங்கிலீஷ் தலைப்பில் வரும் கல்லுக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் வெளியிட்டபோது, 'தத்துவஞானி' என்ற சொல் தலைப்பில் இருந்தால் பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள் என்று 'மந்திரவாதியின் கல்' என்று மாற்றினார்கள். நமக்கு அந்தச் சங்கடமே இல்லை. ரசவாதக் கல் என்றால் முடிந்தது. அந்தக் கல் இரண்டு வேலை செய்யும்: உலோகத்தைப் பொன்னாக்கும், சாகாமல் வைத்திருக்கும் பானத்தைத் தரும். முதலாவது ரசவாதம், இரண்டாவது காயகல்பம். சித்தர்களால் இரண்டு சொல்லும் நம் பேச்சிலேயே இருக்கின்றன. கல்லைச் செய்தவராக வரும் நிக்கோலா ஃபிளமெல் நிஜ மனிதர், பாரிஸில் எழுத்தராக இருந்து 1418-இல் இறந்தவர். 1407-இல் அவர் கட்டிய வீடு அந்த ஊரில் இன்றும் நிற்கிறது. ஆனால் இதைப் பிள்ளையிடம் 13-ஆம் அத்தியாயம் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஃபிளமெல் யார் என்று ஹாரியும் அவன் நண்பர்கள் ரானும் ஹெர்மயனியும் மாதக்கணக்கில் நூலகத்தைக் குடைகிறார்கள். விடையோ 6-ஆம் அத்தியாயத்திலேயே, ரயிலில் ஹாரி வாங்கும் சாக்லேட் தவளையோடு வரும் அட்டையில், பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரைப் பற்றிய குறிப்பில் இருக்கிறது. 1945-இல் ஒரு தீய மந்திரவாதியைத் தோற்கடித்தது, டிராகன் ரத்தத்தின் 12 பயன்களைக் கண்டுபிடித்தது, பிறகு ஃபிளமெலோடு சேர்ந்து ரசவாத ஆராய்ச்சி. "டம்பிள்டோர் பெரிய மந்திரவாதின்னு அட்டையில போட்டிருந்தது" என்று சுருக்கிவிட்டால், ஏழு அத்தியாயம் தள்ளி வகுப்புத் தோழன் நெவில் அதே அட்டையை நீட்டும்போது ஒன்றுமே நடக்காது. அட்டையை முழுசாக வாசியுங்கள். ஃபிளமெல் பெயரில் மட்டும் குரலை அழுத்தாதீர்கள்.

இந்தப் புத்தகத்தில் மிகவும் நேர்த்தியாகப் பதுக்கப்பட்ட தடயம் ஒரு தலைப்பாகை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

5-ஆம் அத்தியாயத்தில், லண்டனில் ஒரு மதுக்கடையில், குவிரல் என்ற ஆசிரியரை ஹாரி சந்திக்கிறான். வெளிறிய முகம், துடிக்கும் ஒரு கண், திக்கித் திக்கிப் பேச்சு. ஹாரியின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். தலைப்பாகையைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்றைக்கே வங்கியின் 713-ஆம் பெட்டகத்தை யாரோ உடைக்கிறார்கள். பெட்டகம் காலி, பள்ளியின் காவலாள் ஹாக்ரிட் சற்று முன்புதான் கல் இருந்த பொட்டலத்தை எடுத்துப் போயிருக்கிறார். ஒரு மாதம் கழித்து, 7-ஆம் அத்தியாயத்தில், பள்ளி விருந்தில் அதே குவிரல் பெரிய ஊதாத் தலைப்பாகையோடு விநோதமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் பேசிக்கொண்டிருப்பது ஸ்னேப் என்ற கொக்கி மூக்கு ஆசிரியரிடம். ஸ்னேப் நிமிர்ந்து, குவிரலின் தலைப்பாகையைத் தாண்டி, நேராக ஹாரியின் கண்ணைப் பார்க்கிறார். அந்த நொடியில் ஹாரியின் நெற்றித் தழும்பில் சுரீரென்று வலிக்கிறது.

அவசரமாகச் சொல்பவர் "ஸ்னேப் ஹாரியை முறைச்சுப் பார்த்தார், தழும்பு வலிச்சது" என்பார். தலைப்பாகை போய்விட்டது, கதையின் முதுகெலும்பும் கூடவே போய்விட்டது. குவிரல் ஸ்னேப்பைப் பார்த்துப் பேசுகிறார் என்றால், அவருடைய பின்மண்டை ஹாரியின் பக்கம் இருக்கிறது. அந்தப் பின்மண்டையில்தான், தலைப்பாகைக்கு உள்ளே, ஹாரியின் பெற்றோரைக் கொன்ற வால்டமார்ட்டின் முகம். வங்கியில் கல்லைத் தவறவிட்டதற்குத் தண்டனையாகத்தான் எஜமான் கூடவே ஒட்டிக்கொண்டான். அதனால்தான் முதல் சந்திப்பில் கை குலுக்க முடிந்தவருக்குக் கடைசி அத்தியாயத்தில் ஹாரியைத் தொட்டால் கை வெந்து போகிறது. எனவே இரண்டு விஷயத்தை விடக்கூடாது: மதுக்கடையில் கை குலுக்கல், விருந்தில் "தலைப்பாகையைத் தாண்டி". இரண்டையும் சாதாரணக் குரலில், அடுத்த வரிக்குப் போகிற வேகத்திலேயே சொல்லுங்கள்.

2001-இல் வந்த திரைப்படத்தில் குவிரல் மதுக்கடையிலேயே தலைப்பாகையோடுதான் வருகிறார், கையும் குலுக்குவதில்லை. படத்தை முதலில் காட்டிவிட்டால் இந்தத் தடயம் பிள்ளைக்குக் கிடைக்கவே கிடைக்காது. புத்தகம் முடிந்த பிறகு படம்.

அடுத்தது இங்கிலீஷில் இல்லாத, தமிழில் மட்டும் வருகிற சிக்கல். அவனா, அவரா?

இங்கிலீஷில் 'அவன்', 'அவர்' இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஸ்னேப்பைப் பிடிக்காததால் "ஸ்னேப் வந்தான், முறைத்தான்" என்றும், குவிரல் பாவம் என்பதால் "குவிரல் வந்தார், நடுங்கினார்" என்றும் சொல்லத் தொடங்குவோம். பிள்ளை அதைக் கேட்டே முடிவு செய்துவிடும். தலைகீழாகச் செய்தாலும் ஆபத்துதான், விடை முன்கூட்டியே கசியும். ஒரே வழி: கதை சொல்லும் குரலில் எல்லா ஆசிரியரும் 'அவர்'. ஹாரியும் ரானும் தங்களுக்குள் பேசும்போது ஸ்னேப்பை "அந்தாளு" என்று திட்டட்டும், அது அவர்கள் கருத்து. கடைசி அத்தியாயத்தில்கூட ஹாரி மொட்டையாக 'ஸ்னேப்' என்று சொல்லும்போது டம்பிள்டோர் மரியாதையோடு சொல்லும்படி திருத்துகிறார். அந்த இடம் தமிழில் இங்கிலீஷைவிட நன்றாக எடுபடும்: ஹாரி "அந்த ஸ்னேப்" என்பான், அவர் "ஸ்னேப் சார், ஹாரி" என்பார்.

நேரடிப் பேச்சில் 'பேராசிரியர்' வேண்டாம் என்பது என் கருத்து. பதினொரு வயதுப் பையன் வாயில் அது கல்லூரி விழா மாதிரி ஒலிக்கிறது. சார், மிஸ் போதும். நான்கு அணிகளுக்கு 'ஹவுஸ்' என்றே சொல்லலாம், நம்மூர்ப் பள்ளிகள் பலவற்றில் சிவப்பு ஹவுஸ், நீல ஹவுஸ் உண்டு. இலங்கைப் பிள்ளைகளுக்கு 'இல்லம்' என்றால் இன்னும் சட்டென்று புரியும், இல்ல விளையாட்டுப் போட்டி அவர்களுக்குப் பழக்கமானது.

இந்த மரியாதை விகுதி சில இடங்களில் நமக்கு லாபமாகவும் இருக்கிறது. 16-ஆம் அத்தியாயத்தின் கடைசியில் ஹாரி நெருப்பைத் தாண்டிப் போகிறான். "அங்கே ஏற்கெனவே ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். ஸ்னேப் இல்லை. வால்டமார்ட்கூட இல்லை." 'ஒருத்தர்' ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, மெக்கொனகல் மிஸ்ஸாக இருக்குமோ என்று பிள்ளை ஒரு கணம் திகைக்கும்.  முதல் அத்தியாயத்துப் பூனையும் அப்படித்தான், அது உண்மையில் மெக்கொனகல் மிஸ். சுவர்மேல் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்த பூனைக்கு 'அது' என்றே சொல்லிக்கொண்டு வாருங்கள்: பார்த்தது, வாலை ஆட்டியது, காத்திருந்தது. பிறகு டம்பிள்டோர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களை இங்கே பார்ப்பேன்னு நினைக்கலை, மெக்கொனகல்" என்கிறார். அந்த 'உங்களை'தான் மந்திரம். நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அடுத்த வாக்கியத்தை 'அவர்' என்று தொடங்குங்கள். காட்டில் யூனிகார்ன் ரத்தத்தைக் குடிக்கும் முக்காட்டு உருவத்துக்கு மட்டும் கடைசிவரை 'அது'.

பெயர் சொல்லக்கூடாத எதிரியை விளக்கவே வேண்டாம். ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்றும் 'கயிறு' என்றும் சொல்கிற மொழி நம்முடையது.

உறவுமுறையிலும் தமிழ் ஒரு படி மேலே போகிறது. பெட்டூனியா ஹாரியின் அம்மாவுக்கு அக்கா. ஆகவே பெரியம்மா. வெர்னன் பெரியப்பா. டட்லி ஒரு மாதச் சொச்சம் மூத்தவன், அண்ணன். 'ஆன்ட்டி, அங்கிள்' என்று சொன்னால் யாரோ அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிடும். பெரியம்மா வீட்டிலேயே பிள்ளையை மாடிப்படிக்கு அடியில், சிலந்திகளோடு, தட்டுமுட்டுச் சாமான் வைக்கும் அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிற முகம் மாறும். தாய்க்குத் தாயாக இருக்க வேண்டியவள் செய்கிற காரியம் அது.

ஹாக்ரிட்டின் பேச்சு இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக் கிராமத்துப் பேச்சு. தமிழில் எந்த ஊர்ப் பேச்சு என்றால், உங்கள் வாயில் இயல்பாக வருகிற ஊர்ப் பேச்சுதான். தெரியாத வட்டார வழக்கைச் சினிமாவில் கேட்டுப் போலி செய்தால் கேலியாகிவிடும், ஹாக்ரிட் கேலிக்குரிய ஆள் இல்லை. அவர் மனதில் எதுவும் நிற்காது, அவ்வளவுதான். கதையே அவர் வாய் தவறியதால்தான் நகர்கிறது: ஃபிளமெல் பெயரை உளறுகிறார், கல்லைக் காக்க எந்தெந்த ஆசிரியர் உதவினார் என்று பட்டியல் போடுகிறார் (அதில் குவிரலும் ஸ்னேப்பும் இருக்கிறார்கள்), கல்லைக் காக்கும் மூன்று தலை நாய்க்குப் பாட்டு கேட்டால் தூக்கம் வரும் என்பதை மதுக்கடையில் முகமே காட்டாத ஒருவனிடம் சொல்லிவிடுகிறார். அந்த முகம் காட்டாதவன்தான் டிராகன் முட்டையைக் கொடுத்தவன். 14-ஆம் அத்தியாயத்து டிராகன் குட்டி ஏதோ கிளைக்கதை மாதிரித் தெரியும், நேரமில்லை என்று பலர் தாண்டிவிடுவார்கள். தாண்டினால் 16-இல் வரும் "முட்டை எப்படிக் கிடைச்சுது?" என்ற கேள்வி அந்தரத்தில் தொங்கும்.

இனி மொழிபெயர்ப்புக்கே முரண்டு பிடிக்கும் ஓர் இடம்: 12-ஆம் அத்தியாயத்து மாயக் கண்ணாடி. அதன் சட்டத்தில் புரியாத எழுத்துகள் செதுக்கியிருக்கும். பின்னாலிருந்து படித்தால் இங்கிலீஷில் அர்த்தம் வரும்: நான் காட்டுவது உன் முகத்தை அல்ல, உன் மனம் ஏங்குவதை. அந்த இங்கிலீஷ் ஒலியைத் தமிழில் எழுதினால் எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றும் வராது. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். தமிழில் சிக்கல் என்னவென்றால், 'விருப்பம்', 'ஏக்கம்' எல்லாம் ம் என்று முடிவதால் திருப்பினால் புள்ளி எழுத்தில் தொடங்கும், வாயில் நுழையாது. உயிர்மெய்யில் முடியும் சொல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும். 'மனசு' சரியாக வருகிறது, கண்ணாடியின் பெயர் 'சுனமக் கண்ணாடி'. வாசகத்துக்கு "உன் முகமல்ல உன் மனசு" என்று எடுத்துக்கொண்டு, உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கணக்கிட்டு, கடைசியிலிருந்து எழுதி, இடைவெளியை இடம் மாற்றினால்:

சுனமன் உலல்மக முன்உ

இதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கையில் கொடுங்கள். விளக்காதீர்கள், புத்தகமும் விளக்குவதில்லை. சம்பந்தர் சீர்காழியில் மாலைமாற்றுப் பதிகமே பாடியிருக்கிறார், விகடகவி என்று விளையாடாத பிள்ளையும் இல்லை. தானே கண்டுபிடிக்கும், அன்றைக்கில்லாவிட்டால் மூன்று நாள் கழித்து.

மந்திரச் சொற்களை மொழிபெயர்க்கவே கூடாது, ஒலியாகவே விடுங்கள். ஓர் இடம் நமக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. இறகை மிதக்க வைக்கும் வகுப்பில் ரான் மந்திரத்தைத் தப்பாகச் சொல்ல, ஹெர்மயனி நடு அசையை நீட்டச் சொல்லித் திருத்துகிறாள். விங்கர்டியம் இல்லை, விங்கார்ர்டியம். குறில் நெடில் தகராறு! தமிழ் வகுப்பில் திட்டு வாங்கிய எந்தப் பிள்ளைக்கும் ரானின் எரிச்சல் புரியும்.

8-ஆம் அத்தியாயத்தில் ஸ்னேப் கேட்கும் கேள்விகளில் மூலிகைப் பெயர்கள் வரும். நச்சுச்செடிக்கு நம்மிடம் வசநாபி இருக்கிறது, அதே இனம். கசப்புச்செடி மரிக்கொழுந்தின் உறவு. ஆட்டு வயிற்றில் உண்டாகி விஷத்தை முறிக்கும் கல்லைக் கோரோசனை என்று சொல்லத் தோன்றும். ஆனால் கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளைவது. 'ஆட்டு வயித்துக் கல்' என்றே சொல்லிவிடுங்கள்.

திக்கிப் பேசுவதை நடிப்பது பற்றி ஒரு வார்த்தை. குவிரலின் திக்கல் பொய் வேஷம், கடைசியில் சுத்தமாக நின்றுவிடுகிறது, அதனால் ஓரளவு காட்டத்தான் வேண்டும். ஆனால் கேட்கிற பிள்ளைக்கோ அதன் நண்பனுக்கோ திக்குவாய் இருந்தால், திக்கலை விட்டுவிட்டுப் பயந்த, மூச்சு வாங்குகிற குரலாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் குரல் கடைசியில் நிதானமாக மாறினாலே அதே அதிர்ச்சி கிடைக்கும். ஸ்னேப்புக்கு வில்லன் குரல் கொடுக்கவே வேண்டாம். மெதுவான, தாழ்ந்த குரல் போதும், அவருடைய சொற்களே மீதியைப் பார்த்துக்கொள்ளும். "ஸ்னேப்தானே கெட்டவர்?" என்று கேட்டால், "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். மூன்று காரணம் சொல்லும்: கால் நொண்டுகிறார், துடைப்பத்தைப் பார்த்து முணுமுணுத்தார், கல்லைப் பற்றிக் குவிரலை மிரட்டினார். மூன்றும் உண்மை, மூன்றுக்கும் வேறு காரணம்.

இன்னொரு கண்ணி அத்தியாயத் தலைப்புகள். 17-ஆவதின் தலைப்பே 'இரண்டு முகம் கொண்ட மனிதன்' என்ற பொருளில் இருக்கிறது. பொருளடக்கப் பக்கத்தைப் பிள்ளை பார்க்காமல் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். 16 முடிந்த ராத்திரியில் தலைப்பைச் சொல்லாமல் 17-இன் முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு விளக்கை அணைக்கலாம். தூங்காது, பரவாயில்லை.

16-இல் ஸ்னேப் வைத்த ஏழு குப்பிப் புதிரில் நியாயமான குறை ஒன்று உண்டு. குப்பிகளின் உயரம் எப்படி என்று புத்தகம் காட்டுவதில்லை. அதனால் வாசிப்பவர் முழுவதும் தீர்க்க வழியில்லை. இதை நாமே சரிசெய்யலாம். ஏழு குப்பி வரையுங்கள், இடமிருந்து மூன்றாவது எல்லாவற்றிலும் சிறியது, ஆறாவது எல்லாவற்றிலும் பெரியது. சரக்கு: விஷம் 3, செந்தட்டி ஒயின் 2, முன்னே போக வைப்பது 1, திரும்பிப் போக வைப்பது 1. விதிகள்: ஒயினுக்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது எப்போதும் விஷம். இரண்டு ஓரக் குப்பிகளும் வெவ்வேறு, முன்னே போக இரண்டுமே உதவாது. மிகச் சிறியதிலும் மிகப் பெரியதிலும் விஷம் இல்லை. இடமிருந்து இரண்டாவதும் வலமிருந்து இரண்டாவதும் ஒரே சரக்கு.

ஆறாவது பெரியது, அதில் விஷமில்லை. அதற்கு ஜோடி இரண்டாவது. ஜோடியாக இருக்கக்கூடிய மற்றது ஒயின் மட்டுமே. ஆகவே 1-உம் 5-உம் விஷம். ஏழாவது முதலாவதைப் போல விஷமாக இருக்க முடியாது, முன்னேயும் போகாது, ஒயினும் தீர்ந்தது, எனவே அது திரும்பிப் போக. மிச்சம் 3-உம் 4-உம். சிறியதில் விஷமில்லை, ஆகவே மூன்றாவதைக் குடித்தால் முன்னே போகலாம். புத்தகத்தில் ஹெர்மயனி சொல்லும் விடையும் இதுதான்: சிறிய குப்பி முன்னே, வலது ஓரம் பின்னே.

கடைசி விருந்தில் நான்கு ஹவுஸ்களின் புள்ளிக் கணக்கு வரும்போது பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்லிதரின் 472, ரேவன்கிளா 426, ஹஃபிள்பஃப் 352, ஹாரியின் கிரிஃபின்டோர் 312. ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60. அங்கே நிறுத்துங்கள். கூட்டிப் பார்த்துவிட்டு "சமமா வருது!" என்று கத்தட்டும். அதற்குப் பிறகுதான் நெவிலின் 10. வெற்றி பெற்ற பச்சைத் தோரணத்தைத் தொங்கவிட்டு, எல்லார் முன்னாலும் கழற்றுவது ஸ்லிதரின் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்கும் பிள்ளையும் அப்படிச் சொன்னால் மறுக்காதீர்கள்.

புத்தகம் முடிந்ததும் ஒரே ஒரு இடத்துக்குத் திரும்பிப் போங்கள். கிறிஸ்துமஸ் சமயம், 12-ஆம் அத்தியாயத்தின் தொடக்கம். ரானின் இரட்டை அண்ணன்கள் பனியுருண்டைகளுக்கு மந்திரம் போட்டு, குவிரல் எங்கே போனாலும் பின்னாலேயே துரத்தி, தலைப்பாகையின் பின்பக்கத்தில் மோதும்படி செய்திருப்பார்கள். மெதுவாக அந்த வரியை வாசித்துவிட்டு, அடி யார் முகத்தில் விழுந்தது என்று பிள்ளையே சொல்லும்வரை சும்மா இருங்கள்.